முதுகை நிமிர்த்தியவன்

ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி சற்று உயரம் அதிகம். பாதம் முழுதாகத் தரையில் படியவில்லை, பாருங்கள். இடுப்பு வலி அப்படித்தான் தொடங்கும்.

என் பெயர் வன்னியபெருமாள். ஆரியசாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடையில் மேனேஜர். டிஸ்க் விலகி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவன். நான் வேலைக்குத் திரும்பியபோது கடைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதில் வேலை பார்க்க ரதீஷும் வந்திருந்தான். கல்யாணமான புதுசு. இறாலைப் போல வளைந்துதான் உட்காருவான்.

அன்பாகத்தான் சொன்னேன். "நிமிந்து இருடே மக்ளே. இடைக்கிடை எந்திச்சு நட."

"எனக்கு முதுகுல ஒரு குழப்பமும் இல்ல சாரே. நீங்க சும்மா பயப்படாதிய."

கம்ப்யூட்டர் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தப் பலகை வைத்தேன், எடுத்துவிட்டான். இடுப்புக்குத் தலையணை வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் நான் நுழையும்போது அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னைப் போலவே நடந்து காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு ஷட்டரை இறக்கினேன். ரதீஷின் பின்னால் போய், நைலான் கயிற்றால் அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு கத்தினான். வாயில் ஒரு குத்து விட வேண்டியிருந்தது. பல் கீறிய தடம் இதோ, விரலில்.

முதுகில் முழங்காலை ஊன்றித் தோள்களை இழுத்தேன். வளைந்து பழகிய உடம்பு, இணங்கவில்லை. மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து, கூனிய இடத்தில் தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். காய்ந்த தென்னை மட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் தட்டினேன். எதையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

"சாரே, காலு இருக்கதே தெரியல்ல," என்றான் மெதுவாக.

மார்பு வரை கயிற்றைச் சுற்றி நிமிர்த்திக் கட்டினேன். வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டேன். அவ்வளவு நேராக அவன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சாப்பிட்டு வந்தவர்கள் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஏன் அப்படி அலறினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நேற்று அவன் மனைவி ஆர்ஷா இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். "என்னத்துக்கு சாரே இப்படிச் செஞ்சிய?" என்று அழுதாள். மார்புக்குக் கீழே இனி உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் அழுததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நிதானமாக யோசித்தால் அவளுக்கே புரியும். இடுப்பு வலி என்பது ரதீஷுக்கு இனி ஆயுசுக்கும் கிடையாது.