பரிசு வாங்கிய பிரஷர்

சோம்பலில் இதை எழுதாமலே விட்டிருப்பேன். பொன்முடி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் யூனிவர்சிட்டியில் பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் டீச்சராம், மற்றவர் நர்ஸ்.

“பரிசு வாங்கின நம்ம ஆராய்ச்சி தப்பு, சிஸ்டரே,” என்றார் டீச்சர்.

“ஐயோ, மெல்லப் பேசுங்க டீச்சர்!”

“தேயிலைக் கொழுந்து மூட்டையோட மேடு ஏறி வந்த பொம்பளைங்களுக்கு, எடை போடுற வரிசையிலயே பிரஷர் பாத்தோம். மூச்சு வாங்கும்போது கூடத்தானே காட்டும்?”

“பரிசு குடுத்தாச்சு. இனி யாரு கேக்கப் போறா?”

“அந்தக் கணக்க நம்பி மாத்திரை திங்கது அவங்கல்லா! எல்லாரையும் உக்கார வச்சு மறுபடி பாக்கணும். தப்புன்னு நானே எழுதிக் குடுப்பேன்.”

“மானம் போயிரும் டீச்சரே.”

“போட்டும். இன்னைக்கே தொடங்கணும்.”

பொன்முடி எஸ்டேட்டில் வளர்ந்த நண்பன் செல்வத்துக்கு இதைப் போனில் கிண்டலாக அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “எங்கம்மாவும் அந்த மாத்திரைதான்டா திங்கா, டீச்சர் எந்த லயத்து வீடுகளுக்குப் போறாங்கன்னு கேளு.”