செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி

அவைக்குத் தலைமை தாங்கி, என் பெயரையும் நிகழ்ச்சி நிரலில் அச்சடித்து, நான் ஓடி ஒளிய வழியில்லாமல் செய்துவிட்ட கல்லூரி முதல்வர் அவர்களே! மேடைக்குப் பெருமை சேர்க்கும் நிர்வாகக் குழுப் பெரியோர்களே! கையில் கிரீஸ் கறை காயாமல் வகுப்பிலிருந்து நேராக வந்து அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை படிக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பாதி வகுப்பு போன மகிழ்ச்சியில் முழு முகமும் மலர்ந்திருக்கும் மாணவ மாணவியரே! எல்லோருக்கும் என் வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையா? மைக்கை இறக்கிக்கொள்கிறேன். என் குரல் அவ்வளவுதான். சேர்க்கை அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் உட்கார்பவள் நான். கண்ணாடித் துளையில் காதை வைத்து, “என்னம்மா சொல்றே?” என்று நீங்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள்.

என் அம்மாவும் வந்திருக்கிறார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பவர். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். “மேடையில போய் உளறிக் கொட்டாதடி, நன்றின்னு சொல்லிட்டு இறங்கிடு” என்று சொல்லித்தான் அனுப்பினார். அம்மா, சைகை காட்டாதே. சாப்பிட்டுவிட்டேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘அடைக்கலம் தேடி வந்தோருக்குக் கதவு திறந்த கல்லூரி’. உண்மைதான், கதவு திறந்திருக்கிறது. ஆனால் தலைப்பைப் படித்ததும் எனக்குப் பெருமை வரவில்லை, அலுப்புதான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

முன்வரிசையில், இந்தக் கோடியிலிருந்து மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கிறது. சுவரோரம் நிற்கும் ஐயா, அதில் உட்கார வேண்டாம். ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வகுப்பில் ஓர் அம்மா படிக்கிறார். வயது நாற்பத்திரண்டு. மாணவர்கள் வைத்த பெயர் ‘ஐஸ் அக்கா’. சொந்த ஊரில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்யும் ஆலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். சண்டை வந்தது. ஆலை போனது, வீடு போனது, கையிலிருந்த சான்றிதழும் போனது. அடைக்கலம் கேட்டு இங்கே வந்தார். விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. தெரிந்த தொழிலைத் தெரியும் என்று நிரூபிக்க, முதலிலிருந்து படிக்கிறார். எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.

ஆனால் செய்முறை வகுப்பு நடப்பது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. மூன்று செவ்வாய் தொடர்ந்து வரவில்லை. விதிப்படி ஒரு கடிதம் போனது: ‘தக்க காரணம் தெரிவிக்காவிடில் தங்கள் பெயர் நீக்கப்படும்’. அதைத் தட்டச்சு செய்தது யார்? நான்தான். ஒரு கணமாவது யோசித்தேனா? இல்லை. அன்று அதுபோல் பதினொரு கடிதம், அவருடையது ஏழாவது.

மறுநாள் கடிதத்தோடு ஜன்னலுக்கு வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னார்: “என் பேரைச் சரியா எழுதியிருக்கீங்கம்மா. இங்க வந்த நாள்லேருந்து எந்த ஆபீஸ்லயும் சரியா எழுதினதில்ல. நன்றி.”

அந்த நன்றியை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“ஏன்க்கா செய்முறைக்கு வரல?” என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடித் துளைக்கு அருகில் வந்து சொன்னார்: “செவ்வாய்க்கெழம பத்து மணிக்கு, அடைக்கலம் கேட்ட ஆபீஸ்ல கையெழுத்துப் போடப் போகணும்மா. முன்னாடி மாசத்துக்கு ஒரு தடவ. இப்ப வாரா வாரம். போகலைன்னா கேஸை மூடிடுவாங்க. இதையெல்லாம் காலேஜ்ல சொன்னா, என்னமோ குத்தம் பண்ணினவன்னு நெனப்பீங்களேன்னு சொல்லல.”

அன்பார்ந்தவர்களே! குற்றம் செய்தவரா அவர்? ஓர் ஊர் ‘வா’ என்று சொல்லும்வரை ஒவ்வொரு வாரமும் ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுப்பவர். அங்கே இருக்கிறேன் என்று எழுதினால், இங்கே இல்லை என்று எழுதுகிறோம் நாம்!

ஒரு செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். இரண்டு பேருந்து. தரையோடு திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். டோக்கன் எண் அறுபத்தெட்டு. இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அரை நிமிடம். அதற்குள் பேனா எழுதவில்லை என்று வேறு பேனா வாங்கியதும் சேர்த்து.

காத்திருக்கும்போது ஐஸ் அக்கா சுவரிலிருந்த ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காவலரிடம் போய், “சார், அந்த கம்ப்ரசர் திணறுது. வெளிய இருக்கிற யூனிட்ல தூசி அடைச்சிருக்கும். சுத்தம் பண்ணலைன்னா பத்து நாள்ல நின்னுடும்” என்றார்.

“நீங்க உக்காருங்கம்மா. அதெல்லாம் மெக்கானிக் பாத்துப்பாரு.”

“சரி சார்” என்று வந்து உட்கார்ந்தார். என் காதில் மட்டும், “மெக்கானிக்தான் சொல்லுது, கேக்க மாட்டேங்கிறாரே” என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அடுத்த செவ்வாயும் போனேன். ஏசி நின்றிருந்தது. காவலர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த அலுவலகத்தில் கேட்டேன். “கிழமையை மாத்த முடியாதா சார்?” பதில்: “அது மேலிடத்து முடிவும்மா. உங்க காலேஜ்ல வகுப்ப மாத்தச் சொல்லுங்க.” கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். பதில்: “ஒருத்தருக்காக கால அட்டவணைய மாத்த முடியுமா? அவங்க ஆபீஸ்ல கிழமைய மாத்தச் சொல்லு.” இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் என்னை உட்காரச் சொன்னார்கள். நடுவில் நடந்து நடந்து கால் ஓய்ந்ததுதான் மிச்சம்.

செய்முறை ஆசிரியரிடம் போனேன். அதோ, ஐந்தாவது வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். “எனக்கென்னம்மா, புதன்கிழமை வரச் சொன்னா வரப்போறேன். பசங்களும் வருவாங்க. கூடமும் அன்னிக்குக் காலிதான். முதல்வர் கையெழுத்து இல்லாம சாவி தர மாட்டாங்களே” என்றார்.

மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. முதல்வர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதில்களையும் தட்டச்சு செய்தது நான்தான். எனக்கு நானே மூன்று முறை மறுமொழி அனுப்பிக்கொண்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நீக்கினால் மறுபடி முதலாண்டு. ஆலையில் பதினாறு வருடம், இங்கே ஒன்றரை வருடம், அத்தனையும் போக, மறுபடி முதல் பாடம்: குளிர் என்றால் என்ன? அதை அவருக்கா நாம் சொல்லிக்கொடுப்பது?

இப்போது அந்த நாற்காலிக்கு வருகிறேன். அதில் ஒட்டியிருப்பது ஐஸ் அக்காவின் பெயர். மேசையில் இருக்கும் கேடயம் அவருக்குரியது. ‘இவ்வாண்டின் சிறந்த மாணவி’. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு குழு கேடயம் கொடுக்கிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்து இன்னொரு குழு பெயரை நீக்குகிறது. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

அவர் ஏன் வரவில்லை?

இன்று என்ன கிழமை?

ஆம். செவ்வாய்க்கிழமை. இப்போது மணி பத்து நாற்பது. அவரைப் பாராட்டுவதற்கே அவர் வர முடியாத நாளைப் பார்த்து விழா வைத்திருக்கிறோம். அழைப்பிதழைத் தட்டச்சு செய்யும்போதே எனக்குத் தெரிந்தது. எழுந்துபோய்ச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு இந்த அவையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

கருணை கேட்டா இங்கே நிற்கிறேன்? இல்லை. கண்ணீர் கேட்டா? இல்லை. கைதட்டலா? அதுவும் வேண்டாம், எனக்குக் களைப்பாக இருக்கிறது. கேட்பது ஒரு கிழமை. செவ்வாய்க்குப் பதில் புதன். ஒரு கையெழுத்து. அங்கே அரை நிமிடம் ஆகிறது, இங்கேயும் அவ்வளவுதான் ஆகும்.

என்ன ஐயா? செய்முறை ஆசிரியர் எழுந்து நிற்கிறார். “புதன்கிழமை எட்டு மணிக்கே வரேன்னு சொல்லும்மா!” என்கிறார். அவர் வகுப்பு மாணவர்களும் எழுந்திருக்கிறார்கள். சரி, சரி, உட்காருங்கள். அம்மா, நீ ஏன் எழுந்திருக்கிறாய்? நீ அந்த வகுப்பு இல்லை.

முதல்வர் ஐயா, நான்காவது மனு இது. எனக்கு அடுத்து மைக்கைப் பிடிப்பவர் நீங்கள். என்னைப் பாராட்ட வேண்டாம், கிழமையை மட்டும் சொல்லுங்கள். பேனா இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். எழுதுகிற பேனாதான், பார்த்துவிட்டேன்.

இரண்டாவது பேருந்திலிருந்து இறங்கி ஒரு மணிக்கு அக்கா என் ஜன்னலுக்கு வருவார். அவருக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் இந்தச் சின்னக் குரலுக்குக் காது கொடுத்தவர்களுக்கு நன்றி, வணக்கம்.