ஊதா நாக்கு

“நாலு நாவப்பழம் துன்னதுக்கு ஆறு ஊசிடி எனக்கு.”

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் மடித்த வெள்ளைக் கோட்டு. அக்குபங்சர் படிக்கிறார்கள், அன்று அவர்களில் ஒருத்திக்குச் செய்முறைத் தேர்வு முடிந்திருந்தது. ஜன்னலோரம் இருந்தவள் ஊசி குத்தியவள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், அவளுக்கு நோயாளியாகப் படுத்தவள்.

“நாக்கு ஊதாவா இருந்தா ரத்தம் தேங்கிக் கெடக்குதுன்னுதான புக்குல போட்டுக்கீது?”

“ஆங், கரெக்டுதான். என்னா துன்னேன்னு மொதல்ல கேக்கச் சொல்லியும் போட்டுக்கீதே, அந்தப் பக்கத்த எலி துன்னுட்ச்சா?”

“நீயே சொல்ல வேண்டியதுதான?”

“நாக்க நீட்டிகினு எப்டிடி சொல்றது? உள்ள இழுத்தா அதட்டுற.”

“சாரே பாத்துட்டு ஆமான்னாரு.”

“அவரு இன்னும் மேல. ஊசிய எடுத்தப்புறம் நான் போய் வாய நல்லா கொப்புளிச்சுட்டு வந்தேன். நாக்கு செவந்துட்ச்சு, ரத்தம் ஓட ஆரம்பிச்சுட்ச்சுன்னு கிளாஸையே கூப்ட்டுக் காட்டுனாரு. நீங்க வேற கை தட்டுனீங்க.”

ஜன்னலோரத்துப் பெண் மடியிலிருந்த கோட்டை நீவிவிட்டுக்கொண்டாள்.

“அப்ப நான் பாஸ்தான?”

“பாஸுதாம்மா, பெரிய டாக்டரு. நாளைக்கு எனக்கு எக்ஸாம், நீதான் படுக்கணும். நாவப்பழம் நானே வாங்கினு வரேன், நல்லா துன்னு. நானும் ஒருத்தியக் குணப்படுத்தி பாஸாவணும் இல்ல?”