வியட்நாமுக்குப் போகாதவர்

கனடாவில், பிற்பகல் ஃபிஞ்ச் தெரு பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில், தொழிற்சாலை வேலை முடிந்து வந்த இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள்.

"எங்கட சுப்பர்வைசரும் அகதிதான், மச்சான்," என்றான் ஜன்னலோரம் இருந்தவன்.

"உந்த வெள்ளைக்காரனோ? விசர்க்கதை கதையாதை."

"உண்மையடா. அமெரிக்காவில பிறந்தவர். வியட்நாம் சண்டைக்கு வரச்சொல்லிக் கடிதம் வர, பத்தொன்பது வயசில இஞ்ச ஓடி வந்தவராம்."

"உனக்கு ஏன் அதைச் சொன்னவர்?"

"நாளைக்கு என்ர அகதி விசாரணை எண்டு லீவு கேட்டனான். ஏன் நாட்டை விட்டு வந்தனி எண்டார். ஊரில இயக்கக்காரர் வீட்டுக்கொரு ஆளைச் சண்டைக்குக் கேட்டு வந்தவங்கள், பயத்தில ஓடி வந்திட்டன் எண்டன். சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"அப்பதான் தன்ர கதையைச் சொன்னவர். பிறகு, நாளைக்குத் தானும் வந்து எனக்குப் பக்கத்தில இருக்கிறன் எண்டார். தான் எல்லை தாண்டின அண்டைக்குத் தனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இல்லையாம்."

மற்றவன் கையை நீட்டி, நண்பனின் கம்பளித் தொப்பியைக் காது மூடும்படி இழுத்துவிட்டான்.

"எத்தினை மணிக்கு விசாரணை?"

"ஒன்பது மணிக்கு."

"நானும் வாறன்."