மச்சாளின் விரதம்

எழுபதுகளின் நடுவில், ஒரு நவம்பர் காலை. லிட்கம் நிலையத்தில் ரயில் ஏறி என் எதிரே அமர்ந்த இரு பெண்களில் இளையவள், ஆய்வுகூட வெள்ளை அங்கியை மடியில் மடித்து வைத்திருந்தாள்.

"கலியாண வீட்டில எல்லாரும் உங்கட காப்பைத்தான் பார்த்தவை, மச்சாள். நான் உங்கட நரம்பைப் பார்த்தனான்."

நான் புத்தகத்தை மூடினேன்.

"அதுக்கு?" என்றாள் அவளுடைய அண்ணன் மனைவி.

"இண்டைக்கு எனக்குச் சோதினை. இரத்தம் எடுத்துக் காட்டவேணும். கை தாறன் எண்ட பெட்டைக்குக் காய்ச்சலாம். போன முறை நரம்பு பிடிபடாமல் பெயில். இண்டைக்கும் விட்டால் ஒரு வருசம் திரும்பப் படிக்கவேணும். என்னோட வாங்கோ."

மூத்தவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் கந்தசஷ்டி விரதம். ஊசி குத்தினா மயங்கி விழுந்திடுவன்."

"விரதமோ! இன்னும் நல்லம். எடுக்கிற இரத்தத்தில சீனியும் பார்க்கவேணும். வெறும் வயிறுதான் அதுக்குத் திறம்."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சாப்பிட்டிருந்தால் தெரிஞ்சிடுமோ?"

"ஓம்."

"மாமி குளிக்கப் போன நேரம் குசினியில ரெண்டு துண்டு பாண் சாப்பிட்டனான். ஜாமும் பூசி."

இளையவள் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "அப்ப மயங்கவும் மாட்டீங்கள். வாங்கோ, அம்மாட்ட நான் சொல்லமாட்டன்."

இறங்கவேண்டிய ரெட்ஃபேர்ன் நிலையம் வருமுன்பே மூத்தவள் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

"இடக்கையில குத்துங்கோ. வலக்கையால பின்னேரம் மாமிக்கு முன்னால விரதம் முடிக்கவேணும்."