பின் சீட் இல்லாத வண்டி

இல்லண்ணே, அந்தப் பெரிய சக்கரத்த இப்ப கீழ எறக்க வேணாம், அது மேலயே தொங்கட்டும். எங்க வீட்டுக்காரரு போன்ல ஆர்டர் சொன்னது அதத்தான், தெரியும். முப்பத்தாறு இஞ்சு ஒத்தச் சக்கரம், எங்க பேரு எழுதி ஒட்டியே வச்சிட்டீங்க. ஆனா ஓட்டப்போறது நான்தானே. காலு என்னுது, இடுப்பு என்னுது, விழுந்தா ஒடையப்போற எலும்பும் என்னுது. நாலு கேள்வி கேட்டுக்கறேன், அப்புறம் எறக்கலாம்.

அவரா? உள்ள வரமாட்டாரு. உங்க வாசல்ல வண்டி நிறுத்தினா அந்த டிராபிக் போலீஸ்காரரு விரட்டறாரே. என்ன எறக்கி விட்டுட்டு வேன எடுத்துக்கிட்டு சுத்தி சுத்தி வந்துக்கிட்டிருக்காரு. ஒவ்வொரு தடவ வாசலத் தாண்டும்போதும் ஒரு ஹாரன் அடிப்பாரு. நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதன்னு அர்த்தம். ஆங், அடிச்சிட்டாரு பாருங்க. ஒரு நிமிஷம், கைய ஆட்டிட்டு வந்துடறேன், இல்லன்னா எங்கயாவது வண்டியச் சொருகிட்டு ஓடி வந்துருவாரு.

சரி. அண்ணே, இந்த போனுக்கு ஒரு சார்ஜர் கெடைக்குமா? கல்லா பக்கத்துல சொருகிடுங்க. என்னது, நூறு காட்டுதா? காட்டட்டும், அது அப்படித்தான் பொய் சொல்லும். சொருகியே வைங்க.

பையக் கழட்ட வேணாம். முதுகுல பை இருக்கறப்பதான் பேலன்ஸ் எப்படி மாறுதுன்னு தெரியும். ஓட்டறப்ப இது இருக்கத்தானே போகுது.

இப்ப சொல்லுங்க, பெருசுல ஒரு மிதிக்கு மூணு மீட்டர் கிட்டப் போகும், சரியா? படிச்சிருக்கேன். அந்தா மூலைல நிக்குதே தடி டயர் போட்டது, அதுல ஒரு மிதிக்கு ரெண்டு மீட்டர் சொச்சம். அப்ப அதே தூரத்துக்கு அதுல அதிகமா மிதிக்கணும். அதுவும் இதுல செயினும் கெடையாது ஒண்ணும் கெடையாது, சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்தும். எறக்கத்துலகூட கால சும்மா வச்சுக்கிட்டு ஹாயா உருள முடியாது. அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். இருவத்தாறு வருஷக் குடித்தனம், கால நிறுத்தினதா ஞாபகமே இல்ல.

தூரமா? மூணு நாள் தூரம். எங்க பொண்ணு வேல பாக்கற ஊரு வரைக்கும், கடலோரம். அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம காலைல புறப்பாடு. எங்க அபார்ட்மெண்ட் செக்ரட்டரி கொடி ஆட்டறாரு. பேனர்கூட அடிச்சாச்சு, அதுல என் மூஞ்சி இருக்கு, பக்கத்துல என்னவிட கொஞ்சம் பெருசா அவரு மூஞ்சியும் இருக்கு. ஏன்னு கேட்டேன், டிசைன் பண்ணவன் அப்படிப் போட்டுட்டாம்மான்னாரு.

எப்படிக் கத்துக்கிட்டேனா? அது ஒரு கூத்து. பொண்ணு காலேஜ்ல படிக்கறப்ப ஓட்டின சின்ன ஒத்தச் சக்கரம் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. எங்க வீட்டுல ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு நடை, கைய விரிச்சா ரெண்டு செவுரும் எட்டும். அவருக்கு வீட்லேர்ந்தே வேல, இன்சூரன்ஸ் கம்பெனி, காதுல மாட்டிக்கிட்டு நாள் பூரா பேசிக்கிட்டிருப்பாரு. அவரு பேசற நேரம் பாத்து நான் அந்த நடைல செவுத்தப் புடிச்சிக்கிட்டு முன்னாடி பின்னாடி போவேன். தொப்புன்னு விழற சத்தம் கேட்டா, வாளி விழுந்துச்சுங்கன்னு சொல்லிடுவேன். எங்க வீட்டுல அந்த வருஷம் விழாத வாளியே இல்ல.

அப்புறம் செவுத்துல என் கை அழுக்கு வரிசையா படிஞ்சதப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டாரு. திட்டுவாருன்னு நெனைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மறுநாளே ஆள வரச்சொல்லி ரெண்டு பக்கமும் ஆஸ்பத்திரில இருக்கற மாதிரி ஸ்டீல் கம்பி வச்சிட்டாரு. முட்டிக்கு, முழங்கைக்கு, தலைக்கு எல்லாத்துக்கும் கவசம். சாயங்காலம் பார்க்கிங்குக்குக் கூட்டிட்டுப் போயி என் முழங்கையப் புடிச்சிக்கிட்டே கூட ஓடி வருவாரு. விடுங்க, நான் ஓட்டறேன்னா விடமாட்டாரு. அண்ணே, செவுத்தப் புடிச்சிக்கிட்டு ஓட்டினப்பகூட நான் அத்தன தடவ விழல.

போன் அடிக்குது, அவருதான். இருங்க.

சொல்லுங்க. ஆமா. இப்பதான் சீட்டு உயரம் பாத்துக்கிட்டிருக்காங்க. குடிச்சேன். உக்காந்துதான் இருக்கேன். இல்ல இல்ல, நீங்க வராதீங்க, போலீஸ்காரரு அங்கேயே நிக்கறாரு. சரி. சரிங்க.

பாத்தீங்களா? தண்ணி குடிச்சியான்னு கேக்கறாரு. என் போன் எங்க இருக்குன்னு காட்டற மேப்பு ஒண்ணு அவரு போன்ல இருக்கு, அதுல நான் ஒரு பச்சைப் புள்ளி. மொட்டமாடிக்குத் துணி காயப்போடப் போனாலே, என்னம்மா புள்ளி நகருதேன்னு கூப்பிடுவாரு. நல்ல மனுஷன்ணே. ஊரே சொல்லும். நீ கொடுத்து வச்சவடின்னு என் ஓரகத்தி என்னப் பாக்கறப்பெல்லாம் பெருமூச்சு விடுவா. அவரு அடிக்கறாரா, குடிக்கறாரான்னு கேட்டா ஒண்ணும் கெடையாது. ஒரு நாள் கை நீட்டினதில்ல. அடிச்சிருந்தா வெளிய சொல்றதுக்கு ஒரு வார்த்தையாவது இருந்திருக்கும். அன்பா இருக்காரு, எனக்கு மூச்சு முட்டுதுன்னு போயி யாருகிட்ட சொல்றது?

மொதல்ல காலைல நடக்கப் போனேன். அவரும் ஷூ வாங்கிட்டாரு. நீச்சல் கத்துக்கப் போனேன், பொம்பளைங்க நேரம்னு அவர உள்ள விடல, கம்பி வேலிக்கு வெளிய துண்ட வச்சுக்கிட்டு நின்னாரு. சைக்கிள் வாங்கினேன், பக்கத்துல இன்னொரு சைக்கிள் வந்துடுச்சு. சரின்னு ஸ்கூட்டர் கத்துக்கிட்டேன். நீ ஓட்டும்மா, தைரியமா ஓட்டு, நான் இருக்கேன்னு பின்னாடி உக்காந்துக்கிட்டாரு. நான் பிரேக் புடிக்கறதுக்கு முன்னாடி என் தோளப் புடிப்பாரு. பல் டாக்டருகிட்ட வாயத் தொறந்துக்கிட்டுப் படுத்திருக்கேன், வலிக்குதான்னு என்னக் கேட்டா அவரு பதில் சொல்றாரு.

இப்ப புரியுதா, ஏன் இந்த ஒத்தச் சக்கரம்னு? எல்லாரும் கேக்கறாங்க, இந்த வயசுல உனக்கு இது என்ன சர்க்கஸ்னு. ஒரு நாள் பரண்லேர்ந்து இத எறக்கி வச்சுக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். பின் சீட்டு இல்ல. கேரியர் இல்ல. கூட உக்காந்து வரதுக்கு எடமே இல்லாத வண்டி ஒலகத்துல இது ஒண்ணுதான்னு தோணுச்சு. அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்னிக்குக்கூட வரல.

ஒரு நாள் சாப்பிடறப்ப தைரியமா சொல்லிட்டேன். நான் தனியா இதுல பொண்ணப் பாத்துட்டு வரப்போறேங்கன்னு. எழுந்து போயி கையக் கழுவிட்டு வந்தாரு. அப்புறம், சரி, நீ தனியா போ, நாங்க வேன்ல பின்னாடியே வரோம்னாரு. நாங்கன்னா அவரு, அவரு தம்பி, ஓரகத்தி, மடக்கு நாற்காலி நாலு. ஸ்கூட்டர வித்துட்டுத்தான் இந்த வேனே வாங்கினாரு. மேல மைக்செட்டு வேற. வழி விடுங்க, வழி விடுங்கன்னு அவரே பேசிக்கிட்டு வருவாராம். பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவ நிறுத்தி பிரஷர் பாக்கணுமாம், டயருக்கு இல்ல, எனக்கு.

சிரிக்காதீங்கண்ணே. சரி, சிரிங்க, யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கு அன்னிக்கு ராத்திரி அழுகதான் வந்துச்சு. அழுதா ஏம்மா அழறன்னு எழுந்து உக்காந்துக்குவாரேன்னு தலகாணிய வாயில வச்சு அழுத்திக்கிட்டேன். அழறதுக்குக்கூட ஒரு தனி எடம் இல்லையேன்னு அப்பதான் நல்லா ஒறச்சுது.

அதனாலதான் அந்தப் பெரிய சக்கரம் வேணாங்கறேன். அது நல்ல சக்கரம்தான், கொற சொல்லல. ஆனா அதுக்கு வழவழன்னு தார் ரோடு வேணும். தார் ரோடுன்னா பின்னாடியே வேன் வரும். அந்தத் தடி டயர எடுங்க, பாப்போம். அடேயப்பா, நல்ல கனம். மண்ணுல வழுக்காதா? சின்னக் கல்லு மேல ஏறுமா? ம். பெடல் மாட்டற கிராங்க் கம்பிய கொஞ்சம் நீளமா மாத்த முடியுமா, மேட்டுல மிதிக்க வசதியா இருக்கும்ல. ஏற்கெனவே நீளம்தானா? நல்லதாப் போச்சு. பிரேக் இங்க, சீட்டுக்கு அடியில. சரி. சீட்டு நடுவுல பள்ளம் இருக்கா? இருக்கு. மூணு நாள் உக்காரணும்ணே, அதான் கேட்டேன்.

ஹாரன் கேக்குது. கை ஆட்டிட்டு வரேன்.

இந்தத் தடவ கண்ணாடிய எறக்கி, என்னாச்சுன்னு சைகைல கேட்டாரு. அஞ்சு நிமிஷம்னு காட்டிட்டேன். ஒரு சுத்துக்கு அவ்வளவு நேரந்தான் ஆகுது. சீக்கிரம் முடிச்சிடலாம்ணே.

உங்க கடைக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்குல்ல? டிரையல் ஓட்டறவங்க அந்தச் சந்துலதான் ஓட்டுவாங்கன்னு பொண்ணு சொன்னா. அவ இங்க வந்து பாத்துட்டுத்தான் போயிருக்கா. சந்து எவ்வளவு அகலம்? ஆட்டோகூட நுழையாதா? சந்து முடிஞ்சதும் வாய்க்கால் கரைதானே? கரைல ஏறற எடத்துல வண்டி எதுவும் போகக்கூடாதுன்னு கல்லு நட்டிருக்கு. அந்த வாய்க்கால் எங்க போயி முடியுது சொல்லுங்க பாப்போம். அதேதான், கடல்ல, எங்க பொண்ணு இருக்கற ஊருல. கரையோரமா மண் பாத கடைசி வரைக்கும் இருக்கு. ராத்திரி தங்கறதுக்கு நடுவுல ரெண்டு எடத்துல அவளே ரூம் போட்டு வச்சிருக்கா. அந்தத் தடி டயர்மா, வேற எதையும் வாங்கிடாதன்னு சொன்னதே அவதான். அவளும் இந்த வீட்டுலதானே வளந்தா.

அடுத்த மாசமா? அது பேனர்ல போட்ட தேதிண்ணே. பேனருக்கு என்ன, கட்டிக்கட்டும்.

ஏன் இப்படிப் பாக்கறீங்க? பைல ரெண்டு செட்டுத் துணி, பிரஷ்ஷு, ஒரு டார்ச்சு, மருந்து, அவ்வளவுதான். ஓடிப்போறேன்னு நெனைக்காதீங்க. பொண்ணு வீட்டுக்குப் போறதுக்குப் பேரு ஓடிப்போறதா? திரும்பி வருவீங்களான்னு கேட்டா, அங்க போயி உக்காந்து யோசிச்சுப் பாத்துத்தான் சொல்லணும். இங்க யோசிக்க முடியல. யோசிக்க ஆரம்பிச்சாலே என்னம்மா யோசிக்கறன்னு கேக்கறாரு. உங்க மேல ஒரு பழியும் வராது. இன்னும் ஒரு மணி நேரத்துல பொண்ணு அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவா, அம்மா எங்கிட்டதான் வந்துக்கிட்டிருக்கா, தேடாதீங்கப்பான்னு. அந்தப் பெருசுக்கு அவரு கட்டின பணத்த இதுக்கு வச்சுக்கோங்க, மிச்சம் இருந்தா அவரு கைல குடுத்துடுங்க.

இந்தத் தெருவுல வண்டி நிறுத்த எடம் இல்லன்னு தெரிஞ்சுதாண்ணே ஊருல இத்தன கடை இருக்கறப்ப உங்க கடையப் புடிச்சேன்.

கதவத் தொறங்க. அப்பா, நல்ல வெளிச்சம். கை குடுக்காதீங்க, வேணாம். செவுத்தையும் புடிக்கப்போறதில்ல. உண்மையச் சொல்லட்டுமா, இதுவரைக்கும் எதையும் புடிக்காம நான் ஏறினதே இல்ல. வழில எறங்கினா அங்க செவுரும் இருக்காது, ஆளும் இருக்காது. ஏற முடியுதான்னு இங்கேயே தெரிஞ்சிக்கணும்.

போச்சு. ஒண்ணுமில்ல, விழல, எறங்கிட்டேன். தள்ளி நில்லுங்க.

இதுவும் போச்சு. முட்டி கொஞ்சம் செராச்சிருக்கு, விடுங்க. ஐயோ, புடிக்காதீங்கண்ணே, நல்லாத்தான் இருக்கேன். தயவுசெஞ்சு யாரும் என்னப் புடிக்காதீங்க.

ஹாரன் அடிக்கறாரு. வாசல்ல கை ஆட்ட ஆளு இல்லையேன்னு பாப்பாரு. அடுத்து போன் அடிப்பாரு. எடுத்து, உள்ள டிரையல் பாத்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லிடுங்க. பொய் இல்லையே, பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

இரு. இரு. ஒரு காலு கீழ, ஒரு காலு மேல, நிமிந்து பாக்கணும், தரையப் பாக்கக்கூடாது. ஆ. ஏறிட்டேன். அண்ணே, ஏறிட்டேன். புடிக்காம ஏறிட்டேன்.

நிக்க முடியாதுண்ணே, நின்னா விழுந்துடுவேன், வரேன். என்னது, சத்தமா சொல்லுங்க. போனா? மறக்கல. சார்ஜ்லயே கெடக்கட்டும். அது அங்க இருக்கற வரைக்கும் நானும் அங்கதான் இருக்கேன்.