பெல்ட்டைக் கழற்றச் சொன்ன அக்கா

தானா ராத்தாவிலிருந்து புறப்பட்ட பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் அண்ணனும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களுடைய கார் பழுதாகியிருந்தது. அது திரிங்காப் ஊர்ப் பட்டறையில் நின்றது. அண்ணனின் கைப்பேசியில் அதன் எஞ்சின் கடகடவென்று கத்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“எஞ்சின் பேரிங் போச்சுண்ணே. பிரிச்சா நாலாயிரம் வெள்ளி ஆவும்” என்றான் மெக்கானிக்.

“வித்துறலாம் லா. நாளைக்கு மகள யூனிவர்சிட்டிக்கு பஸ்ஸுல ஏத்தி விட்டுருவோம்” என்றார் அண்ணன்.

அக்கா கைப்பேசியை வாங்கினார். “எங்க தேயிலை ஃபேக்டரி மெஷினும் இப்படித்தான் அழுவும். பெல்ட்டக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணு தம்பி. சத்தம் நின்னுச்சுன்னா கோளாறு எஞ்சின்ல இல்ல.”

“ஒனக்குக் காரப் பத்தி என்னா தெரியும்?”

“இருவது வருசமா ஒங்க கொறட்டைக்குப் பக்கத்துல படுக்குறேன். எது சும்மா சத்தம்னு எனக்குத் தெரியாதா?”

பேருந்தே சிரித்தது.

பிரிஞ்சாங் தாண்டும்போது மீண்டும் அழைப்பு வந்தது. இப்போது கைப்பேசியில் எஞ்சின் அமைதியாக ஓடுவது கேட்டது.

“அண்ணே, எஞ்சின் நல்லாருக்கு! பெல்ட் ஓடுற சின்னச் சக்கரத்துலதான் பேரிங் போயிருக்கு. சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க.”

“அப்ப மகள நாமளே கொண்டு போய் விடுறோம்” என்றார் அக்கா.

“எவ்ளோப்பா?” என்று மெதுவாகக் கேட்டார் அண்ணன்.

“கூலியோட எழுவது வெள்ளி.”